திங்கட்கிழமை மூச்சு

எங்கள் ஆய்வகத்தில் நான் அளந்த முதல் மூச்சு, ஒரு காலிப் பெட்டி விட்ட மூச்சு. புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் எதைச் சொல்லித் தொடங்கலாம் என்று யோசித்தபோது இதுதான் முதலில் வந்து நின்றது. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு இனி மானம் போக அலுவலகத்தில் இடமில்லை. அதனால் தாராளமாகச் சிரியுங்கள்.

கருவி உங்களுக்குத் தெரிந்ததுதான். எலியோ கினிப்பன்றியோ, கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், கழுத்தைப் பிடித்து அமுக்கவும் வேண்டாம். கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டியில் அதைச் சும்மா உட்கார விடுகிறோம். அது மூச்சை இழுத்து விடும்போது பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் கொஞ்சூண்டு ஏறி இறங்கும். அந்தக் கொஞ்சூண்டைப் பிடித்துக் கணினித் திரையில் அலையாகப் போட்டுவிடும் கருவி. எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது, ஆழமாக விடுகிறதா மேலோட்டமாக விடுகிறதா, எல்லாம் அந்த அலையில் இருக்கிறது. இந்தப் பெட்டி வந்த அன்று நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். அதற்கு முன்னால் நாங்கள் செய்துகொண்டிருந்ததைப் பற்றிப் பேச எனக்கு இப்போதும் பிடிக்காது.

பெட்டி வந்த முதல் வாரம், ஆராய்ச்சி மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அலை அழகாக வந்துகொண்டிருந்தது. ஒரே சீர், ஒரே உயரம். "பாத்தியா, எவ்வளவு அமைதியான பிராணி! நாம எப்படிக் கையாளுறோங்கிறதுதான் இதுல தெரியுது" என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"டீச்சர், இவன எப்ப உள்ள விடணும்? எம்புட்டு நேரமா கையிலயே வச்சிக்கிட்டு நிக்கேன்."

திரும்பினேன். எங்கள் விலங்குக் கூடத்து உதவியாளர் அக்கா, கினிப்பன்றியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். பெட்டி காலி. நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த மூச்சு, பக்கத்து அறையில் ஓடிய காற்றுப்போக்கி மின்விசிறியுடையது. மாணவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்றிலிருந்து நான் ஆளே மாறிப்போனேன். அளவெடுக்கும்போது விசிறி ஓடக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, வெளியே ராஜபாளையம் பஸ் ஹாரன் அடித்தால்கூட அந்த நிமிஷத்து அலையை அழித்துவிட வேண்டும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. மாணவர்கள் எனக்கு ‘ரப்பர் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தது நான் ஓய்வு பெறுகிற அன்றுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குப் பெருமைதான் பட்டிருப்பேன்.

இப்போது சொல்லப்போவது அந்தப் பெருமையால் வந்த வினை.

அந்த அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் அக்கா என்றே இருக்கட்டும். சுந்தரபாண்டியத்திலிருந்து வருவார். எங்கள் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில், பஞ்சுப் பொதியை உடைத்து உதறுகிற புளோ ரூமில், கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் வேலை பார்த்தவர். கல்லூரியில் வேலை பார்க்கிற எல்லோரும் அவருக்கு டீச்சர்தான். துறைத் தலைவர் டீச்சர், நான் டீச்சர், மின்சாரம் பார்க்க வருபவரும் டீச்சர். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, பிராணிகளை எடுத்து வருவது, திரும்பக் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர் வேலை. எங்கள் ஆய்வகம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருந்ததால் ஊர்ச் செய்தி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும். கொண்டு சேர்ப்பவரும் அக்காதான்.

ஒரு நாள் ராஜபாளையத்திலிருந்து ஒரு மில் முதலாளி எங்களைத் தேடி வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானமாக அடுக்கி வைப்பார். புதிதாக ஒரு ஷெட் போடுகிறார். பஞ்சுத் தூசியை அடக்க இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, சுலபமாக மாட்டிவிடக்கூடிய துணிப்பை வடிகட்டி. இன்னொன்று, குழாய் போட்டுத் தூசியை உறிஞ்சி வெளியேற்றுகிற பெரிய அமைப்பு. விற்க வந்தவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள்.

"விக்கிறவங்க சொல்றதை நான் நம்பல. நீங்க சொல்றதை நம்புறேன். பை போதும்னா பை போடுறேன், குழாய்தான்னா குழாய். எங்க ஆளுங்க மூச்சு விடணும்மா, அவ்வளவுதான்" என்றார்.

நம்மை நம்பாத ஆளிடம் வேலை செய்வது சுலபம். இப்படி முழுசாக நம்புகிறவரிடம் வேலை செய்வதுதான் கஷ்டம். இதை அனுபவத்தில் நீங்களும் தெரிந்துகொள்வீர்கள்.

ஏற்பாடு இதுதான். மூன்று வரிசைக் கூண்டுகளில் கினிப்பன்றிகள். ஒரு வரிசைக்குச் சுத்தமான காற்று. ஒன்றுக்கு, மில்லிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத் தூசி கலந்து துணிப்பையில் வடிந்து வரும் காற்று. ஒன்றுக்கு, அதே தூசி பெரிய அமைப்பின் சிறு மாதிரி ஒன்றின் வழியாக வரும் காற்று. மில் வேலை போலவே திங்கள் முதல் சனி வரை பகலில் அந்தக் காற்று, ஞாயிறு ஓய்வு. எந்த வரிசைக்கு எந்தக் காற்று என்று எங்கள் யாருக்கும் தெரியாது. குழாய் மாட்டிய மில் தொழில்நுட்ப ஆள் அதை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உறை என் அலமாரியில் இருந்தது. அளவெடுக்கும் அறைக்குப் பிராணிகள் எண் கலைத்துத்தான் வரும். என் முன்னால் இருப்பது எந்த வரிசைக்காரன் என்றுகூட எனக்குத் தெரியாது. நாம் விரும்புவதை நம் கண்ணே உண்டாக்கிக் காட்டிவிடும் என்பதால் இவ்வளவு கட்டுப்பாடு. வரிசையைப் பார்த்தவர் அக்கா ஒருவர்தான்.

முதல் இரண்டு வாரம் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அளந்தோம். வியாழன் அளவுகள் ஒழுங்காக வந்தன. திங்கள் அளவுகள் தாறுமாறு. சில பிராணிகள் படபடவென்று மேல்மூச்சு விட்டன, சில அமைதியாக இருந்தன. நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூண்டுக்குப் புது மரத்தூள் மாற்றுகிறோம், ஒரு நாள் முழுக்க ஆள் நடமாட்டமில்லை, திங்களன்று திடீரென்று கூட்டம். பிராணிகள் மிரண்டிருக்கின்றன, இதெல்லாம் மின்விசிறி வகை என்று முடிவு கட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். இரண்டு திங்களையும் கோடு போட்டு அடித்துவிட்டு, இனித் திங்கட்கிழமை அளக்க வேண்டாம், வாரம் ஒரு முறை வியாழன் போதும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மாணவி மட்டும், "மேடம், மிரண்டுச்சுன்னா எல்லாமே மிரளணுமே?" என்று மெதுவாகக் கேட்டாள். "உனக்கு மின்விசிறி ஞாபகமிருக்கா?" என்றேன். பாவம், வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று மாதம் வியாழக்கிழமை வியாழக்கிழமையாக அளந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. மாணவி அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்தாள். துணிப்பையே போதும் என்பது அதன் சாரம். சனிக்கிழமை காலை முதலாளி வருவார், அவர் முன்னால் உறையைப் பிரித்து, வரிசைகளின் பெயரை அறிக்கையில் நிரப்பி, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியது. அடுத்த மாதம் முதல் தேதி புது ஷெட்டில் வேலை ஆரம்பம்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். பொதுவாக உள்ளே வந்து பேசுகிறவர், அன்று வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், பை போட்டா போதும்னு எழுதியிருக்கீயளாமே. நெசமா?"

"யாரு சொன்னா?"

"அந்தப் புள்ளதான் சொல்லிச்சு. ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழம அளந்து பாத்தீயளா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆய்வு எப்படிச் செய்யணும்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க கூண்டைப் பாருங்க" என்றேன். இதை எழுதும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர் முகம் வாடவில்லை. ஒரு வேலை பாக்கி இருப்பதுபோல அப்படியே நின்றார்.

"கூண்டத்தான் பாக்கேன் டீச்சர். அதனாலதான் கேக்கேன். கீரைக்கட்டு சரசரன்னு சத்தம் கேட்டாலே இதுக எல்லாம் விசிலடிக்கும், நீங்களும் கேட்டிருக்கீயள்லா? திங்கக்கிழம மட்டும் அந்த நடு வரிசை விசிலே அடிக்காது. குதிரமசால் கீரயப் போட்டாலும் முதுகக் குறுக்கிக்கிட்டு மூலையில உக்காந்துக்கிடும். செவ்வா, புதன் ஆக ஆகச் சரியாயிரும். வியாழக்கிழம பாத்தா ஒண்ணுமே நடக்காத மாரி விசிலடிக்கும்."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்கதான் அளவு நேரத்துல யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கீயளே."

நான் நாற்காலியைக் காட்டினேன். செத்த நேரம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

"புளோ ரூம்ல எனக்கும் அப்பிடித்தான் டீச்சர். ஞாயித்துக்கிழம லீவு. நல்லா இருப்பேன். அய்யனார் கோயிலுக்குப் போனா அருவி வரைக்கும் ஏறி எறங்குவேன். திங்கக்கிழம ஷிப்டுக்குப் போயி மூணு மணி நேரம் ஆகும், நெஞ்சுல யாரோ குத்தவச்சு உக்காந்த மாரி இருக்கும். மூச்சு எடுக்க ஏலாது. மறுநாளு கொறையும். பொறவு சரியாயிரும். எங்க வீட்டுக்காரு வைவாவ. ‘ஏட்டி, நேத்து அருவிக்கு ஏறத் தெரிஞ்சுது, இன்னைக்கு மில்லுன்னதும் மூச்சு முட்டுதோ? நடிக்காத’ம்பாவ. மில்லுல டாக்டர் வந்து குழாயில ஊதச் சொல்லுவாரு. அவரு வாரது சனிக்கிழம. சனிக்கிழம நான் நல்லாத்தான் ஊதுவேன். ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுப் போயிருவாரு. எல்லாரும் சொல்லச் சொல்ல, நான் சோம்பேறிதான் போலுக்குன்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"இப்ப எம் மக அதே மில்லுல சேந்திருக்கா. அந்தப் புது ஷெட்டுக்குத்தான் போடப்போறாவ. போன திங்கக்கிழம நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வந்தா. நானே அவள வஞ்சிட்டேன் டீச்சர். ‘வேலைக்குக் கள்ளம் பண்ணாத’ன்னு. வஞ்சிட்டுத் திரும்புனா இந்த நடு வரிசை கண்ணு முன்னால வந்து நிக்கி. இதுகளுக்கு எதுக்கு நடிக்கணும்?"

அவர் போனதும் மாணவியைக் கூப்பிட்டு, மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் எண்கள் நன்றாகவே தெரிந்தன. படபடவென்று மூச்சு விட்ட பிராணிகளின் எண்களையும், எந்த எண் எந்த வரிசை என்ற பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெரும்பாலும் நடு வரிசை. மாணவி என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவள் அன்று அப்படி நடந்துகொண்டது என் மேல் காட்டிய கருணை.

ஆனால் இரண்டே இரண்டு திங்கட்கிழமைகள். அதிலும் ஞாயிற்றுக்கிழமை கூண்டு மாற்றிய குழப்பம் இருக்கிறது. நடு வரிசை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது, வெயில் காரணமாக இருக்கலாம். இதையெல்லாம்விட முக்கியம், நடு வரிசைக்கு எந்தக் காற்று என்றே எங்களுக்குத் தெரியாது. அது சுத்தமான காற்றாகவே இருந்துவிட்டால் அக்கா சொன்னதும் என் பயமும் ஒன்றுமில்லாமல் போய்விடும். உறை அலமாரியில்தான் இருக்கிறது. ஆவி காட்டினால் பசை விட்டுவிடும், யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் அந்த அலமாரியை எத்தனை முறை திறந்து மூடினேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உறையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். பிரித்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமை நான் அளக்கிற ஒவ்வோர் அலையிலும் எனக்குத் தெரிந்த விடையைத்தான் பார்ப்பேன். காலிப் பெட்டியை மூச்சு விட வைத்தவள் நான். என் கண்ணை நான் நம்பத் தயாரில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்தார். மேசையில் அறிக்கையும் உறையும் இருந்தன. மாணவி ஓரமாக நின்றாள். அவளுடைய பட்டத்துக்கான ஆய்வும் இதுதான், அவளுக்கும் இது தள்ளிப்போகும். வழி இரண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘மேலும் ஆய்வு தேவை’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம். நம் தொழிலில் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்கள் ஏராளம், நானும் ஒளிந்திருக்கிறேன். ஆனால் அவர் கடைசிப் பக்கத்தை வாசிக்கப்போவதில்லை. பை போதுமா போதாதா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

கேட்டார்.

"இன்னிக்குச் சொல்ல முடியாது சார்" என்றேன். "இன்னும் ரெண்டு திங்கட்கிழமை வேணும்."

"அறிக்கை முடிஞ்சதுன்னு போன்ல சொன்னீங்களே?"

"முடிச்சுட்டோம். தப்பா முடிச்சிருக்கோமோன்னு சந்தேகமா இருக்கு. திங்கட்கிழமை அளவுகளை வேண்டாம்னு தூக்கிப் போட்டவ நான்தான். அது என் தப்பு. இந்தப் பொண்ணு மேல இல்ல."

அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஷெட்டுக்கு ஆளுங்களைச் சொல்லியாச்சு. துணிப்பைக்காரன் நாளைக்கு வர்றேங்கிறான். உறை இதோ இருக்கு. பிரிச்சுப் பாத்துட்டா இப்பவே தெரிஞ்சிடுமே?"

"தெரிஞ்சிடும். பிறகு நாங்க அளக்குறதுக்கு மதிப்பு இருக்காது. உறையை நீங்களே எடுத்துட்டுப் போங்க சார். இங்க இருந்தா நான் பிரிச்சாலும் பிரிச்சிடுவேன்."

இதைக் கேட்டதும் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "திங்கட்கிழமைன்னு யாரு சொன்னாங்க?" என்றார். நான் கதவுக்கு வெளியே வாளியோடு போய்க்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா சொன்னார். நேற்று என்னிடம் சொன்னதில் பாதிதான் சொன்னார், வீட்டுக்காரர் வைததைச் சொல்லவில்லை.

"எந்த மில்லும்மா?"

"உங்க அப்பா காலத்துல, உங்க மில்லுதான் முதலாளி. பழைய புளோ ரூம்."

அவர் உறையை மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரே" என்று தெலுங்கில் சொன்னார். "ரெண்டு திங்கக்கிழமை. ஷெட் காத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த இரண்டு வாரமும் கூண்டு மாற்றுவதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினோம். வரிசைகளை இடம் மாற்றி, நடு வரிசையைச் சுவரோரமும் சுவரோர வரிசையை ஜன்னலுக்கு நேரேயும் வைத்தோம். குழாய்களை மட்டும் அந்தந்த வரிசையோடேயே நகர்த்தினோம். திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும் அளந்தோம். எண்ணைக் கலைத்துத்தான் பிராணிகள் வந்தன. நான் சிவப்புப் பேனாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ் ஹாரன் அடித்ததைக்கூட ஓரத்தில் குறித்துக்கொண்டோமே தவிர எதையும் அழிக்கவில்லை.

இரண்டாவது வாரத்து வியாழன் முடிந்ததும் முதலாளி வந்தார். மாணவி மூச்சின் வேகத்தை மூன்று கோடுகளாக ஒரே தாளில் வரைந்து வைத்திருந்தாள், வரிசைக்கு ஒன்று. இரண்டு கோடுகள் வாரம் முழுக்கப் படுத்தாற்போல் கிடந்தன. ஒன்று மட்டும் இரண்டு திங்களிலும் விருட்டென்று ஏறி, செவ்வாயில் பாதி இறங்கி, வியாழனில் மற்ற இரண்டோடு கலந்துவிட்டது. ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு வருகிற தூசிதான் மூச்சை அடைக்கிறது, நாள் போகப் போக உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. சுவரோரம் போன பிறகும் அது அதே வரிசைதான். வியாழக்கிழமையை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்று. நான் மூன்று மாதமாக அந்த வியாழக்கிழமையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி உறையைப் பிரித்தார். வாசித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். நடு வரிசை, துணிப்பை.

அவர் அங்கேயே போனை எடுத்து, துணிப்பைக்காரரை இனி வர வேண்டாம் என்று சொன்னார். பிறகு மில்லுக்குப் பேசி, ஊதிப் பார்க்கிற டாக்டரை இனிமேல் திங்கட்கிழமை மதியம் வரச் சொல்லும்படி சொன்னார். எனக்கு நிம்மதியும் அழுகையும் ஒன்றாக வந்தன. நல்லவேளையாக ரப்பர் மேடம் அழுது யாரும் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். பெட்டிக்குள் பிராணியை விடுவதற்கு முன்னால் காலிப் பெட்டியைப் பாருங்கள், அது அவசியம். அதைவிட அவசியம், நீங்கள் அழிக்கிற அலைகளை ஒரு தனித் தாளில் எழுதி வைப்பது. மாதம் ஒரு முறை அந்தத் தாளை எடுத்து வாசியுங்கள். குப்பை என்றால் அது எல்லா வரிசையிலும் பரவிக் கிடக்க வேண்டும். ஒரே வரிசையில் குவிந்திருந்தால் கையில் பேனாவைப் பிடித்திருப்பவரைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கூண்டு கழுவுகிறவரிடம் வாரம் ஒரு முறையாவது, "எப்படி இருக்குதுங்க?" என்று கேளுங்கள். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை நான் அன்றே கிழித்தேன்.

அன்று எல்லோரும் போன பிறகு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாணவி வரைந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி இறங்குகிற கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"இது திங்கக்கிழமயா?"

"ஆமாக்கா."

"இது வியாழன்?"

"ஆமா."

"அப்ப நான் நடிக்கல, என்ன டீச்சர்?"

"இல்லக்கா. நீங்க நடிக்கவே இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே தலையை ஆட்டினார். அந்தத் தாளில் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். நகல் எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துத் தூக்குவாளிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகளுக்கா என்று கேட்டேன். அவளிடம் வாயால் சொன்னால் போதும், மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது, தாள் அவருக்கு என்றார். வீட்டுக்காரருக்கு.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டார். கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், கூடம் முழுக்க விசில் சத்தம். நடு வரிசைக்குத் துணிப்பைக் காற்றை நிறுத்தியாகிவிட்டது. அதுவும் விசிலடித்துக்கொண்டிருந்தது.

"தாளைக் காட்டினீங்களாக்கா? என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர். அவியளுக்கு அந்தக் கோடெல்லாம் என்ன புரியும்? நான்தான் வெரல வச்சு வச்சுச் சொன்னேன். இது திங்க, இது செவ்வான்னு. கேட்டுக்கிட்டே இருந்தாவ. பொறவு மடிச்சுக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ."

கீரையை ஒவ்வொரு கூண்டாகப் போட்டுக்கொண்டே போனார். கடைசிக் கூண்டுக்குப் போட்டுவிட்டுத் திரும்பாமலே சொன்னார்.

"இன்னைக்குக் காலையில காப்பி அவிய போட்டாவ."